கொட்டகை மூலையில் ஓர் ஆண்கொடி

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் பூக்களை டெஸ்மண்ட் ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கசக்கி, மூக்கைப் புதைத்துக்கொண்டான். பீர் காய்ச்சுகிறவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள், பேச்செல்லாம் அப்புறம். நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிச்சிகன் ஏரிக்கரையில் செர்ரி மரங்களைப் பிடுங்கிவிட்டு அவளும் கணவன் வார்டும் போட்ட தோட்டம். முதல் அறுவடைக்கு முன்பே டிராக்டர் கவிழ்ந்து வார்ட் போய்விட்டான். டெஸ்மண்ட் வாங்கினால்தான் சுற்றுவட்டாரத்துச் சின்ன பீர் ஆலைக்காரர்கள் வாங்குவார்கள்.

அவன் கையை விரித்தான். பூக்கள் உதிர்த்த மஞ்சள் நிறத் தூளுக்கு நடுவே கறுப்பாய் விதைகள்.

“வாசனை பிரமாதம். ஆனா விதை இருந்தா பீருக்கு ஆகாது, நோரீன். எங்கயோ ஒரு ஆம்பளச் செடி நிக்குது. ஒண்ணு போதும், மகரந்தம் காத்துல பறந்தே தோட்டத்தைக் கெடுத்துடும்.”

அப்படி எதுவும் இல்லையே என்றாள். சொல்லும்போதே வாய் கூசியது.

கொட்டகை மூலையில் நின்றது அது. சாலையோரப் பள்ளத்திலிருந்து வார்ட் ஆசையாய்த் தோண்டி வந்து நட்ட காட்டு ஹாப்ஸ் வேர். காய்க்காத ஆண் என்று தெரிந்ததும் வெட்டச் சொன்னாள். “இந்தத் தோட்டத்துல நானும் இதுவும்தான் ஆம்பளைங்க. தொணைக்கு இருக்கட்டுமே” என்று சிரித்தான். அவன் போனபின் பலமுறை அரிவாளோடு போய் வெறுங்கையாய்த் திரும்பினாள். காற்றில்லாத மாலையிலும் அந்த மூலை சரசரக்கும், அவனுடைய முரட்டுக் கோட்டின் கை உரசுவதுபோல. அவளுக்கு அதில் பயமில்லை. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்பதுதான் பயம்.

இந்த ஒருமுறை எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த அறுவடையில் விதை இருந்தால் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான் டெஸ்மண்ட். அன்றே வேரோடு தோண்டி எரித்தாள். கொடியின் சுணை கீறிக் கையெல்லாம் தடித்தது. மாலையில் மூலை சத்தமில்லாமல் கிடந்தது. வார்டை இரண்டாம் முறை புதைத்ததுபோல் அழுதாள்.

வசந்தத்தில் கொடிகளைப் படரவிடத் தேங்காய்நார்க் கயிறு கட்டப் போனவள் வரிசைக்குள் அப்படியே நின்றுவிட்டாள். நட்ட வேர்களுக்கு நடுவே யாரும் நடாத முளைகள். உதிர்ந்த விதைகளெல்லாம் எழுந்திருந்தன. பிள்ளையில்லாத வீடு அவளுடையது. பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது. தொழில் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் பிடுங்கிவிடுவார்கள். குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், முகத்தைப் பார்க்காதவள்போல.

கடைசி முளை பிடிப்புத் தேடித் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. முதுகுக்குப் பின்னால், கொட்டகைப் பக்கம், ஏதோ சரசரத்தது. நோரீன் திரும்பவில்லை. அவள் விரல்கள் அந்த இளம் நுனியைப் பிடித்து, மெல்ல, கயிற்றில், ஹாப்ஸ் கொடி படரும் வலப்பக்கமாகவே, சுற்றிக்கொண்டிருந்தன.