தெற்கு வேலி

அந்த மண் ரோட்டில் இருபத்திரண்டு மைலுக்கு இரண்டே வீடுகள். ஒன்று ஆர்லினுடையது, இன்னொன்று மார்விஸுடையது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து மைல். ஒரு காலத்தில் ஒன்பது வீடுகள் இருந்தன. அவற்றில் சிலவற்றில் இப்போது புறாக்கள் குடியிருக்கின்றன, மற்றவற்றில் அதுவும் இல்லை. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் அந்த மூலையை விட்டுப் போகிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. இருக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

ஆர்லினுக்குத் தெரியும். அவன் அங்கே இருப்பதற்குக் காரணம் மார்விஸ். அவனுக்கு ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன், மாடுகளிடம் பேசுகிற அளவுக்கு மனிதர்களிடம் பேச வராதவன். மார்விஸின் புருஷன் கெர்ஹார்ட் டிராக்டர் கவிழ்ந்து செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆர்லின் அவள் வீட்டுக்குப் போவான். காபி, அவள் பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட கேக் இரண்டு துண்டு, நாலு ஆட்டம் சீட்டு. ஒன்பது வருஷமாக ஒரு கேள்வி அவன் தொண்டை வரை வந்து, காபியோடு சேர்ந்து திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள்: "என் மக அரிசோனாவுக்கு வந்துடு, வந்துடுன்னு உசிர வாங்குறா. இந்த வருசம் கன்னுங்க நல்லபடியா தேறிடுச்சுன்னா இருந்துடுவேன். இல்லேன்னா மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்."

"தேறிடும். நல்லாத்தான் கொழுத்திருக்கு."

"நான் போயிட்டா நீ யாருகிட்டய்யா போய்த் தோப்ப?"

"மாடுங்ககிட்ட."

"அதுங்களும் உன்ன ஜெயிச்சிடும், பாத்துக்க."

அவள் சிரித்தாள். ஆர்லினும் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஐந்து மைலும் அவளுடைய கன்றுகளைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டு வந்தான். தன்னுடைய கன்றுகளுக்காகக்கூட அவன் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை, அக்டோபர் தொடக்கம். டவுனுக்குப் போய் மாவு, காபித்தூள், டிராக்டருக்கு ஒரு பெல்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு ஆர்லின் திரும்பிக்கொண்டிருந்தான். வண்டியில் ரேடியோ கெட்டுப்போய் இரண்டு வருஷம். காலையில் வீட்டு ரேடியோவில் மழை என்று மட்டும்தான் கேட்டிருந்தான். மழையும் தூற ஆரம்பித்திருந்தது, காற்று வடக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. இரண்டு மணிக்கு மார்விஸின் கோடை மேய்ச்சல் நிலத்தைத் தாண்டும்போது பார்த்தான்: தெற்கு வேலியின் கேட் திறந்து கிடந்தது.

அங்கே கேட் என்றால் இரும்புக் கதவு ஒன்றும் இல்லை. நாலு முள்கம்பியும் மூன்று குச்சியும். கடைசிக் குச்சியை இழுத்து வேலிக்கம்பத்தில் இருக்கிற கம்பி வளையத்துக்குள் செருகினால் மூடியது, எடுத்துத் தரையில் போட்டால் திறந்தது. அதை இழுத்துச் செருகத் தோள்பலம் வேண்டும். அந்தச் சீமையில் பிறந்த பிள்ளை நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே இன்னொன்றையும் கற்றுக்கொள்ளும்: அடுத்தவன் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. ஏன் என்று கேட்கக் கூடாது. ஆர்லின் ஐம்பத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

அன்றைக்கு மீறினான். மான் வேட்டை சீசன் ஆரம்பித்த வாரம் அது. போன வருஷம் இதே வாரத்தில் கிழக்கிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் இதே கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போய், மார்விஸின் மூன்று கிடாரிகள் ரோட்டுக்கு வந்து லாரியில் அடிபட்டுச் செத்தன. அவள் அழுததை அவன் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுபடியுமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கினான். மழையில் நனைந்துகொண்டே குச்சியை இழுத்து, தோளால் நெட்டி, வளையத்தில் செருகினான். உள்ளங்கையில் முள் கிழித்தது. வண்டியில் ஏறும்போது பத்து வயது குறைந்தவன்போல் இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தான். போன் அப்போது நன்றாகத்தான் இருந்தது. எடுத்தவன் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கலாமே என்று ஒரு ஆசை. அந்த முகத்தைப் பார்த்த தைரியத்தில் அந்தக் கேள்வியையும் கேட்டுவிடலாம் என்று அதற்கு மேல் ஒரு ஆசை. அந்த நிமிஷம் அவனைத் தோளைப் பிடித்து உலுக்க அங்கே ஒரு மனிதன் இல்லை. அதுதான் அந்த ஊரின் சாபக்கேடு.

நான்கு மணிக்கு மழை ஊசியாக மாறியது. ஆறு மணிக்குப் பனி. கரண்ட் போனது, போன் போனது. பிறகு இரண்டு நாள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிற நாற்பது அடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜனவரியில் வர வேண்டிய காற்று அக்டோபரில் வந்து நின்றது. மாடுகளுக்குக் குளிர்கால ரோமமே இன்னும் வளரவில்லை. ஆர்லினுடைய மாடுகள் முந்தின வாரமே வீட்டுப் பக்கம் வந்துவிட்டன, காற்றைத் தடுக்க நட்டிருந்த மரவரிசையின் மறைவில் நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. பின்னால் அதை நினைத்தபோது அவனுக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. காற்றை எதிர்த்து நிற்காது மாடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது மறிக்கிற வரைக்கும் நடந்துகொண்டே இருக்கும். தெற்கு வேலி. அதைத் தாண்டி ரோடு, ரோட்டைத் தாண்டி ஓடைப் பள்ளம், பள்ளம் நிறைய புதர். கேட்டை வேட்டைக்காரன் திறக்கவில்லை.

"கடவுளே" என்று ஒரு தரம் சொன்னான். எழுந்து கதவைத் திறந்து பார்த்தான். போக வழி இல்லை. அன்று பகல் முழுக்க ஜன்னலில் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வானம் ஒன்றுமே நடக்காததுபோல் நீலமாக இருந்தது. டிராக்டரில் பனியைத் தள்ளித் தள்ளி அவன் தெற்கு வேலிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. மார்விஸ் அவனுக்கு முன்னாலேயே வந்து, கெர்ஹார்டின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். வேலி நெடுக மாடுகள். முதலில் வந்தவை கம்பியில் சாய்ந்து நின்றபடியே உயிரை விட்டிருந்தன. பின்னால் வந்தவை அவற்றின் மேல் ஏறிச் செத்திருந்தன. கன்றுகள் அடியில். மூக்குத் துவாரமெல்லாம் பனி அடைத்துக் கிடந்தது. கேட் இருந்த இடத்தில்தான் குவியல் உயரம் அதிகம்.

குவியலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "வியாழக்கிழம மதியம் ரேடியோல சொன்னான், மழ இல்ல, பனிப்புயல்னு. நான் ஒருத்தியா அம்பூட்டு மாட்டையும் வீடு வரைக்கும் ஓட்ட முடியாது. அதான் வந்து கேட்டத் தொறந்து வுட்டுட்டுப் போனேன். ஓடைக்குள்ள எறங்கிட்டா பொழச்சுக்கும்னு."

ஆர்லின் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"காத்து கேட்டத் தொறக்கும், ஆர்லின். இழுத்துச் செருகாது." அவள் குரல் ஏறவே இல்லை. "இந்த ரோட்டுல இருக்கிறது ரெண்டே பேரு. தொறந்தது நான்."

"நான்தான் மூடுனேன்" என்றான். "வேட்டைக்காரனுங்கன்னு நெனச்சுட்டேன். போன வருசம் மாதிரி..."

"ஒரு போன் பண்ணக் கூடாதாய்யா? மூணு மணிக்குக்கூட நான் திரும்பி வந்து தொறந்திருப்பேனே!"

"இன்னைக்கி வந்து சொல்லலாம்னு வச்சிருந்தேன். நேர்ல."

மார்விஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் அதெல்லாம் செய்யவில்லை. "அந்தப் பக்கம் ஒண்ணு தலைய ஆட்டுது பாரு. துப்பாக்கிய எடு" என்றாள். அன்று சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் குற்றுயிராகக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சுட்டார்கள்.

நவம்பர் நடுவில் அவள் கிளம்பினாள். நிலத்தை வாங்கியவர்கள் தூரத்து ஊர்க் கம்பெனிக்காரர்கள், அதில் யாரும் வந்து குடியிருக்கப் போவதில்லை. ஆர்லின் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினான், தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். கட்டின முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டினான். இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, அவள் ஏறி உட்கார்ந்த வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மார்விஸ், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"தெரியும்" என்றாள். "ரொம்ப வருசமாத் தெரியும். நீ எப்போ கேப்பேன்னு நானும் ஒவ்வொரு வாரமும் கேக்கைச் சுட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்யா."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்போ கேட்டா?"

அவள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். கோபம் இல்லை, அதுதான் கொடுமை. "உன்மேல எனக்கு ஆத்திரமில்ல. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்ச. ஆனா உன் மொகத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலிதான் தெரியுது, ஆர்லின். காலையில காபிக்கு எதுக்க ஒக்காந்துகிட்டு தெனம் அதப் பாக்க என்னால ஆகாது."

அவன் தலையை ஆட்டினான். கதவைச் சாத்திவிட்டான். அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"பனி அடிக்கிறப்போ கொட்டகைக்குப் போனா, வழி தப்பாம இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டுப் போ. விழுந்து கெடந்தா ஏன்னு கேக்க ஆளில்ல."

"சரி" என்றான்.

வண்டி போய் மேட்டில் மறைந்தது. ஆர்லின் அவள் வீட்டு வாசலிலேயே நின்றான். வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது, இன்றைக்கும் பனி விழும். தன் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும், மாடுகள் பட்டினி கிடக்கும். ஆனாலும் அரைமணி நேரத்துக்கு அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.