சுண்ணாம்புக்கு அடியில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் பழைய நகரமான கஸ்பாவின் வரலாறு பற்றி நாலு பக்கம் கட்டுரை வேண்டுமென்று அல்ஜியர்ஸ் ஆண்டுமலர் ஒன்றிலிருந்து கேட்டார்கள். இந்த வீட்டிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வயதாகிறது, இதிலென்ன கஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

கஸ்பாவின் வீடுகள் கடலைப் பார்த்தபடி ஒன்றின் தோளில் ஒன்று

(அதோடு நின்றுவிட்டது. தோளாவது, ஒன்றாவது. நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துகிடக்கின்றன.)

அந்த வரியை எழுதும்போது முதுகுக்குப் பின்னால் சுவருக்குள் மணல் உதிரும் சத்தம் கேட்டது. கட்டுரை அங்கேயே செத்தது. மிச்சம்தான் இது.

2

இரண்டாவது தொடக்கம். எங்கள் வீட்டில் ஐந்து குடும்பங்கள், பதினேழு பேர். நடுவில் முற்றம், மேலே பெண்களின் மொட்டைமாடி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரே சுவர், அதை ஒட்டித்தான் மாடிப்படி ஏறுகிறது. குளிர்கால மழையில் அதில் விரிசல் கண்டது. ஒரு பொறியாளர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்தில் வெள்ளைச் சாந்துப் பட்டை ஒன்று வைத்து, அதன்மேல் தேதி எழுதினார். இது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம். காப்பி கொடுத்து அனுப்பினோம்.

சொன்னால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். கீழ்ச் சந்தில் ஒரு வீட்டார் சொன்னார்கள். ஒரே காலையில் லாரி வந்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு மூலையில் இறக்கிவிட்டது. குறை சொல்லக்கூடாது, குழாயில் தண்ணீர் வருகிறது, லிஃப்ட் இருக்கிறது. ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுத அழுகையில் மணப்பெண்ணே பயந்துபோனாள்.

3

ரமலானுக்கு முந்தின வாரம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சுண்ணாம்பு அடிப்போம், ஒரு சிட்டிகை நீலம் கலந்து. பழையதை யாரும் சுரண்டுவதில்லை, அதன்மேலேயே அடிப்பதுதான் வழக்கம். எங்கள் வரலாறு இந்தப் படலங்களில் இருக்கிறது என்று கட்டுரைக்கு அழகாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். (இப்போது அதன்மேல் கோடு போட்டுவிட்டேன்.)

இந்த வருஷம் படிச்சுவர் தஹ்பியாவின் பங்கு. மாடியறையில் கணவரோடு இருப்பவள். கவனமில்லாமல் அவள் அந்தச் சாந்துப் பட்டையின் மேலும் சுண்ணாம்பை அடித்துவிட்டாள். தேதி மறைந்தது. இனி பட்டை உடைந்ததா என்று

இந்தத் தஹ்பியாவை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

4

அடித்தது நான். கவனமில்லாமலும் அல்ல. பட்டையின் குறுக்கே முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. பார்த்தேன். சுற்றுமுற்றும் யாரும் இல்லை. இரண்டு முறை அடித்தேன், நன்றாக மறையட்டும் என்று.

அன்றிலிருந்து பயம். கதவை அறைந்து சாத்தினால் பயம், மாடியில் பிள்ளைகள் குதித்தால் பயம். சுவரோரம் இருந்த என் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். மற்றவர்களிடம் நகர்த்தச் சொல்லவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

தஹ்பியாவின் கணவர் ரஸ்கிக்குக் கண் தெரியாது. படி ஏறும்போதும் இறங்கும்போதும் சுவரைத் தடவிக்கொண்டே போவார். நேற்று மத்தியானம் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா நஃபீசா, அந்தப் பட்டை ரெண்டாப் போச்சு. இப்ப சுண்டுவிரல் உள்ள போகுது."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று உளறினேன்.

"சுண்ணாம்பு அடிச்சுக் கண்ணுள்ளவங்களத்தான் ஏமாத்தலாம்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தஹ்பியாகிட்ட சொல்லிராத. இந்தச் சந்துல எந்தப் படி தேஞ்சிருக்கு, ரொட்டிக்கடைக்கு எத்தன எட்டுன்னு என் கால் சொல்லும். அங்க கொண்டுபோய் விட்டா நான் நாற்காலியில வச்ச மூட்டைதான்."

"சுவர் விழுந்துட்டா, மாமா?"

"அதான் பயமா இருக்கு. அதனாலதான் உன்கிட்ட வந்தேன். நீ படிச்சவ. என்ன செய்யலாம், நீயே சொல்லு."

6

முடிவு ஒன்று: தொலைபேசியில் சொல்கிறேன். லாரி வருகிறது. ஒன்பதாவது மாடியில் ரஸ்கி வழவழப்பான ஒரு சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், என்னோடு மட்டும் யாரும் பேசுவதில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. நோன்பு திறக்கும் நேரம், முற்றத்தில் ஐந்து வீட்டுச் சூப்பும் பரப்பியிருக்கிறது, தஹ்பியா பேரீச்சம்பழத் தட்டை நீட்டுகிறாள், அப்போது

முடிவு மூன்று: ஒன்றும் ஆகாது. எத்தனையோ நிலநடுக்கம் பார்த்த சுவர். இதை எழுதத்தான் கை பரபரக்கிறது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.

7

ஆண்டுமலர் ரமலான் கழித்துத்தான் வருமாம். ஆக, இந்த மூன்றில் ஒன்று நடந்து முடிந்தபிறகுதான் நீங்கள் படிப்பீர்கள். எது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். உங்களுக்கு யோசிக்க அவகாசம் இருக்கிறது, நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று நிதானமாகச் சொல்லலாம். கோபித்துக்கொள்ளமாட்டேன்.

பொறியாளரின் எண்ணில் பாதியை அழுத்திவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன். ரஸ்கி படியிறங்குகிறார், சுவரில் அவர் கை உரசுவது கேட்கிறது. நடுப்படியில் நின்றுவிட்டது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை, தஹ்பியாவையும் கூப்பிடவில்லை. முற்றத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார்:

"பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க."

நான் எழுந்து