கல்லில் வெட்ட ஒரு வரி

விடிவதற்கு முன் எழுந்துவிடுவேன். தெருமுனை அடிபம்பில் குடங்களை நிரப்பிக்கொண்டு வருவேன். ஸ்டவ் பற்றவைத்துப் பால் காய்ச்சுவேன். பால் இறங்கியதும் உலை ஏறும். மகள் பியூலாவை எழுப்பி வாசலில் உட்காரவைத்துப் பல் தேய்த்துவிடுவேன். எனக்குப் பின்னல் போட வரவில்லை. அதனால் அவள் முடியைக் கழுத்தளவுக்கு நானே வெட்டிவிட்டேன். இப்போது சீப்பு போதும். சாதத்தில் பால் ஊற்றிப் பிசைந்து ஊட்டுவேன். மிச்சத்தை எனக்கு டிபன் பாக்ஸில் போட்டுக்கொள்வேன். அவளைப் பக்கத்துப் போர்ஷன் கெங்கம்மாளிடம் விட்டுவிட்டு சைக்கிளை எடுப்பேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சங்கு ஊதும்போது கேட்டுக்குள் இருப்பேன்.

தாமதமாகப் போனதில்லை. பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் என்னைப் பற்றி யாருக்கும் குறை கிடையாது.

குறை கெங்கம்மாளுக்குத்தான். முடியை வெட்டிய அன்று பியூலாவின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, கொயந்த தலையா, எலி கொறிச்ச தேங்காயா? என்னாண்ட வுட்டிருந்தா நான் பின்னி வுட மாட்டனா?"

கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. அந்த ஒரு வருடத்தில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

என் மனைவி ஞானகுமாரி எண்பத்தேழு மே மாதம் இறந்தாள். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இருதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. பியூலா வயிற்றில் இருந்தபோதுதான் அது தெரியவந்தது. பிறகு சில வருடங்கள் மாத்திரையில் ஓடின. கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். ஒரு மத்தியானம் முடிந்துபோனது. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

அவள் அம்மா, என் அத்தை, தெற்கே நாசரேத்தில் தந்தியைப் பார்த்துவிட்டு ரயிலேறி வந்தார்கள். நேரே கோயிலுக்குத்தான் வர முடிந்தது. சவப்பெட்டி பீடத்தின் முன்னால் இருந்தது.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடக்க ஆராதனையில், இறந்தவர் கடைசியாகச் சொன்னது என்ன என்று யாராவது எழுந்து சொல்ல வேண்டும். பெஞ்சுகளில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். நல்ல வார்த்தையாக இருந்தால் ஊருக்கு ஊர் போகும். குமாரிக்கு எங்கள் சபை உபதேசியார் வேதமுத்து ஐயா எழுந்தார். சகோதரி ஞானகுமாரி கண்ணை மூடும்போது, 'இதோ, ஆண்டவரே, நான் வருகிறேன்' என்று தெளிவாகச் சொன்னாள் என்றார். எனக்குப் பின்னால் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவருக்கு இதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் பொய் பேசுகிறவர் அல்ல. அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பியிருப்பார். வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை அந்த வார்த்தையை ஊருக்குக் கொண்டுபோனார்கள். மாதர் சங்கத்தில் சொன்னார்கள். முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர்கள். பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்விப்பதில் பெயர் எடுத்தவர்கள். அந்த ஒரு வரிதான் அவர்களை நடமாட வைத்திருக்கிறது என்று மைத்துனன் எழுதியிருந்தான்.

ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு அத்தை வந்தார்கள். ஒரு துணிப்பை, ஒரு கருப்பட்டிச் சிப்பம், வேதப்புத்தகம். வந்த மறுநாளே அடுப்படி அவர்கள் கைக்குப் போனது. சாயங்காலம் குடும்ப ஜெபமும் மறுபடி ஆரம்பித்தது. நான் பாயில் உட்கார்ந்திருப்பேன். என் முறை வரும்போது தலையை அசைப்பேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். கட்டாயப்படுத்தியதில்லை.

கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும் என்றார்கள். அதில் அந்த வரி இருக்க வேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை பியூலாவையும் கூட்டிக்கொண்டு வேலப்பன்சாவடிக்குப் போனோம். ரோட்டோரத்தில் அப்பாவு என்பவரின் கல்பட்டறை. அம்மிகளும் ஆட்டுக்கல்லும் ஒரு பக்கம், சிலுவை போட்ட கற்கள் ஒரு பக்கம். அப்பாவு உளியைக் கீழே வைத்துவிட்டு, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். பெயர், தேதிகள் சொன்னேன். அத்தை அந்த வரியைச் சொன்னார்கள். ஞாயிறு பள்ளியில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள்.

"சின்ன வரிதான்மா. எய்த்து நல்லா பெருசா வரும்" என்றார் அப்பாவு. பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா சார், கல்லுல ஒரு தபா வெட்டிட்டா அய்க்க முடியாது. ஊட்ல ஒக்காந்து பேசி, திங்கக்கெயம எய்தி எட்த்துனு வாங்க. போன மாசம் ஒரு பெரியவரு பேரத் தப்பா குட்த்துட்டாங்க. அந்தக் கல்லு இப்ப என் ஊட்டு வாசப்படி. டெய்லி அவரு மேலதான் செருப்பு கய்ட்றேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் சிரித்து அந்த வருகையில் நான் பார்த்தது அப்போதுதான்.

திரும்பும்போது எனக்குச் சிரிப்பு இல்லை. அழிக்க முடியாது என்றது மனதில் நின்றது. இதுவரை காற்றில் போன வார்த்தை. இனிமேல் அவள் தலைமாட்டில் நிற்கும். பியூலா பெரியவளாகி எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

உள்ளதைச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு தடைகள் இருந்தன. குமாரி உண்மையில் சொன்னது மிகவும் சாதாரணமானது. அதில் ஜெபம் இல்லை. ஆண்டவர் பெயர்கூட இல்லை. அதைக் கொடுத்துவிட்டு இந்த வரியை வாங்கிக்கொண்டால் அத்தை ஊருக்கு எதைக் கொண்டுபோவார்கள்? மற்றொன்று எனக்குள் இருந்தது. அவள் சேலைகளை அவளுடைய சித்திகள் பிரித்துக்கொண்டார்கள். அவள் வேதப்புத்தகம் நாசரேத்தில் இருந்தது. சுவரில் மாட்டிய பெரிய படம் அவளைப்போல இல்லை. ஸ்டூடியோக்காரர் கன்னத்தைத் தடவி மழுமழுவென்று ஆக்கிவிட்டார். யாரும் தொடாமல் என்னிடம் மிச்சம் இருந்தது அவள் கடைசியாகச் சொன்னது மட்டும்தான். அதை வெளியே எடுத்தால் அதுவும் என் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பியூலாவின் செருப்பு வார் அறுந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அத்தை பின்னால் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜெபம். அத்தை ஒரு சங்கீதம் வாசித்தார்கள். பிறகு பியூலாவின் முறை. அந்த வாரம் முழுவதும் அவளுக்கு ஒரு வசனம் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். பியூலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வசனம் வரவில்லை. வேறு வந்தது.

"ஆண்டவரே, கெங்கா ஆயா ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஸ்தோத்திரம். செருப்பு பஸ்ஸுக்கு அப்புறம்தான் அறுந்துச்சு, ஸ்தோத்திரம். ஆச்சி வெச்ச கொழம்புல முள்ளு இல்ல, ஸ்தோத்திரம். ஆமென்."

அத்தை கண்ணைத் திறந்தார்கள்.

"ஏட்டி, இதெல்லாமா ஆண்டவர்ட்ட சொல்லுவாவ?"

"அம்மா சொல்லுவாங்க" என்றாள் பியூலா.

அத்தை என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியவில்லை. கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே குமாரி அப்படித்தான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்வதற்குள் அவள் முறை வந்துவிட்டால் அன்று இரவு அது ஜெபத்தில் வரும். துணி காய்ந்த பிறகு மழை வந்தது வரும். தொலைந்த ஊக்கு அரிசிப் பானையில் கிடைத்தது வரும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஒரு நாள் கேட்டேன், ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா என்று. இருக்கும், இதையும் கேட்டுக்கொண்டே அதைச் செய்வார் என்றாள், வெங்காயம் உரித்தபடி.

பியூலா என் மடியில் சாய்ந்துவிட்டாள். அத்தை வேதப்புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். வெகுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர்கள் சொன்னார்கள். குமாரி பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் வெளியூர் போதகர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். பிள்ளைகளை ஜெபிக்கச் சொன்னார். மற்றவர்கள் வசனம் சொன்னார்கள். குமாரி, கறுப்புக் கோழி மறுபடி முட்டை போட ஆரம்பித்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அத்தை அவள் தொடையில் கிள்ளினார்கள். தோல் கன்றும்படி கிள்ளினார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குமாரி சத்தமாக ஜெபித்ததில்லை. அவள் முறை வந்தால் தலையை அசைப்பாள். அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

"இவளுக்கு பக்தி ஒட்டலைன்னுதான் நெனச்சேன், மாப்பிள்ள" என்றார்கள் அத்தை. "அதனாலதான் கோயில்ல ஐயா அப்படிச் சொன்னதும் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன். கடைசியிலயாவது பேசினாளேன்னு."

பியூலாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"இங்க வந்து பேசியிருக்கா. வருஷக்கணக்காப் பேசியிருக்கா." அவர்கள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அப்பம், அந்த வார்த்த அவ சொன்னதில்ல. அவ அப்படிப் பேசுத பிள்ள இல்ல. என்ன மாப்பிள்ள?"

ஸ்டவ்வில் பால் வைத்திருந்தார்கள். எழுந்துபோய் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள்.

"சொல்லல, அத்தை" என்றேன்.

அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்கள்.

"கல்லுல பேரும் தேதியும் மட்டும் இருக்கட்டும். வேதமுத்து ஐயாட்ட நான் பேசிக்கிடுதேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். "அவ என்ன சொன்னா?"

பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அதில் ஜெபம் ஒன்றும் இல்லை என்றேன்.

"சின்னதுன்னா சின்னதாவே சொல்லுங்க. கல்லுக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். சோதனைக்கூடத்தில் அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னேன். அன்று மத்தியானம் வார்டில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நான் கொண்டுபோயிருந்த ரசம் சாதத்தில் குமாரி கொஞ்சம் சாப்பிட்டாள், போதும் என்றாள். வாயைத் துடைத்துவிட்டேன். அவள் கட்டில் ஜன்னல் பக்கமாக இருந்தது. நான் கட்டிலுக்கு மறுபக்கம், சுவரோரமாக ஸ்டூலில் இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வார்டில் இருந்த எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கத்திலிருந்து காற்று புறப்பட்டு வந்தது. ஜன்னல் துணி தூக்கியது. குமாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஜன்னல் பக்கம் போனேன். ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். காற்று மிகவும் நன்றாக இருந்தது. அவள் கை என் முழங்கால்மேல் இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

நிறுத்திக்கொண்டேன். சொல்ல வேண்டிய இடத்தை மட்டும் தாண்டி வந்திருந்தேன். அத்தைக்கு அது தெரிந்துவிட்டது. பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"திரும்பிப் பார்த்தாளே. பார்த்து என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

பியூலாவின் தலை என் கையில் கனத்தது. குமாரியின் குரலில் எனக்குச் சொல்ல வரவில்லை. வார்த்தைகளை மட்டும் சொன்னேன்.

"நல்லா காத்து வருது. இங்கன வந்து உக்காருங்க."