தேவசகாயம் விட்ட அப்பாடா

களத்துமேட்டுத் தெரு தேவசகாயம் ‘அப்பாடா’ என்று சொன்னால் செஞ்சியில் காற்று வீசும். 1958ஆம் ஆண்டு ஐப்பசியில் இது தொடங்கியது. அவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சர்வேசுரன் அவருக்கு நிலம் கொடுக்கவில்லை, பிள்ளை கொடுக்கவில்லை. உட்காரும்போது உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் மனசைக் கொடுத்திருந்தார். ஒரு நாளில் நான்கு முறை அவர் அப்பாடா என்பார். காலையில் டீக்கடை பாண்டுரங்கன், இவருக்குச் சூடு ஆகாதென்று மற்றவர்களைவிட இரண்டு ஆற்று கூடுதலாக ஆற்றிக் கொடுத்த டீயில் முதல் வாய் குடித்ததும் ஒன்று. பகலில் கடைசி மூட்டையைக் கூட வேலை செய்யும் ராஜாங்கம் கைகொடுத்து இறக்கியதும் வேப்ப மரத்தடியில் ஒன்று. மாலையில் மனைவி ராயம்மாள் வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிய தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொள்ளும்போது ஒன்று. ராத்திரி கருவாட்டுக் குழம்புச் சோறு முடிந்து தட்டில் கை கழுவும்போது ஒன்று. காலைக் காற்று பத்திரிகைத் தாளைப் புரட்டுகிற அளவு; பகல் காற்று வடகம் காயப் போதும்; மாலைக் காற்றில் நெல் தூற்றலாம்; ராத்திரிக் காற்றில் தெரு முழுவதும் தூங்கிவிடும்.

இரண்டு பாறை மலைகளுக்கு நடுவில் வெந்துகொண்டிருந்த ஊருக்கு இது பெரிய உபகாரம். முதல் வருடம் ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாம் வருடம் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் காற்று பத்து நிமிஷம் தாமதமானால் கோபித்துக்கொண்டார்கள். ரைஸ் மில் ரங்கநாதன், ஊரில் எந்தக் கமிட்டிக்கும் தலைவராக இருப்பவர், காற்றுக்கும் ஒரு கமிட்டி போட்டார். களத்துமேட்டில் பச்சைப் பெயிண்ட் அடித்த பலகை ஒன்றை நட்டார்: ‘காற்று வீசும் நேரம்: காலை 7, பகல் 1, மாலை 5½, இரவு 8. இப்படிக்கு, தலைவர்.’ தேவசகாயத்தின் பெயருக்குப் பலகையில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் ராயம்மாளும் பஸ்ஸில் பனமலை ஏரிக்குப் போய், கரையில் உட்கார்ந்து மல்லாட்டை தின்றுவிட்டு வருவது வழக்கம். அன்றைக்கெல்லாம் காற்றும் பஸ் ஏறிப் பனமலைக்குப் போய்விட்டதால், மாதம் ஒரு முறைக்கு மேல் ஏரிக்குப் போகக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தேவசகாயம் அதையும் சரி என்றார்.

1962ஆம் ஆண்டு விபூதிப் புதனன்று கோயிலில் உபதேசியார் காஸ்பர் பேசினார். பாஸ்கா என்னும் ஈஸ்டர் வரையிலான தபசுகாலம் நாற்பது நாளும் அவரவர் தமக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சேசுநாதருக்காக விட வேண்டும் என்றார். எல்லாரும் விட்டார்கள். ஆரோக்கியநாதன் சுருட்டை விட்டார். டாக்டர் அதைக் கிறிஸ்துமஸிலேயே நிறுத்தியிருந்தார். லில்லி டீச்சர் சினிமாவை விட்டார். டூரிங் கொட்டகை போன வாரம்தான் திண்டிவனத்துக்குப் பெயர்ந்திருந்தது. காஸ்பர் மாம்பழத்தை விட்டார். மரத்தில் அப்போது பூதான் இருந்தது. தேவசகாயம் மூன்று நாள் யோசித்து அப்பாடாவை விட்டார். வார்த்தையை மட்டும் விட்டால் அது ஏமாற்று வேலை என்று, அதற்கு வழி செய்கிற எல்லாவற்றையும் விட்டார். டீயைச் சுடச்சுட நின்றபடி விழுங்கினார். மூட்டையைத் தானே இறக்கினார். ராயம்மாள் வைத்த தண்ணீரைத் தாண்டிப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் கால் கழுவினார்.

“இன்னா மனுசன்யா நீ,” என்றாள் ராயம்மாள். “ஊர்ல எல்லாரும் இல்லாதத வுட்டாங்க. நீ மட்டும் இருக்கிறத வுட்டுட்டு நிக்கிற.”

காற்று நின்றது. அரச இலைகூட அசையவில்லை. வீட்டுக்கு வீடு விசிறி விற்றது. எல்லாரையும்விட மோசமாக மாட்டிக்கொண்டவள் வல்லத்து ரஞ்சிதம். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்கள். வாரத்துக்குப் பயிரிட்ட நெல்லில் தன் பங்கை, பலகையை நம்பி வண்டி வைத்துக் களத்துமேட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அடுத்த தை வரை மூன்று பேருக்கும் சோறு அதுதான். பதரோடு கலந்த குவியலாக அது கிடந்தது. தூற்றி மூட்டை கட்டுவதற்குள் கோடை மழை ஒன்று விழுந்தால் அத்தனையும் முளைத்துப்போகும்.

ரங்கநாதன் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். “சாமி, நாப்பது நாள் ஜாஸ்தி. இந்த வருஷம் மட்டும் பதினஞ்சி நாள்ல முடிச்சிக்க முடியாதுங்களா?”

“அது என் கையில இல்லைங்க.”

“யாரு கையில இருக்குது? கலெக்டருங்களா?”

“அதுக்கும் மேல.”

“அப்ப மெட்ராஸ்தான்,” என்று சொல்லிவிட்டு அவர் மகஜர் எழுதப் போனார். பதில் வருவதற்குள், சாய்வு நாற்காலி ஒன்றும் ஐஸ் சோடா நான்கும் களத்துமேட்டுக்கு வந்தன. தேவசகாயத்தை அதில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று விசிறினார்கள். சொல்லுப்பா, சொல்லுப்பா என்றார்கள். தேவசகாயம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைகூப்பினார். “பாஸ்கா வரைக்கும் கேக்காதீங்க. சேசுநாதர் சிலுவையில தொங்கறப்ப நான் ஒக்காந்துகினு அப்பாடான்னா நல்லாவா இருக்குது?” ரங்கநாதனே நாற்காலியில் சாய்ந்தார். சோடா குடித்தார். மைக்கில் பதினொரு முறை அப்பாடா என்றார். ஒரு ஏப்பம் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, குவியலின் பக்கத்தில் நின்றிருந்த ரஞ்சிதம் சத்தமாகக் கேட்டாள். “ஏண்ணா, உங்க சாமி என் நெல்லு மேலயா தவம் ஒக்காந்துக்குது?”

தேவசகாயத்தால் கொடுத்த வாக்கை மீற முடியாது. நெல்லையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டுக்குப் போய் இரண்டு முறத்தோடு வந்தார். பின்னாலேயே ராயம்மாள் மூன்றாவது முறத்தோடு வந்தாள். காற்றில் ஒரு மணி நேரத்தில் தூற்றக்கூடிய நெல்லை, ஒவ்வொரு முறமாக அள்ளிக் கையால் புடைத்தார்கள். மூன்று நாள் புடைத்தும் பாதிதான் குறைந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் கிழக்கே ஒரு மேகம் கறுத்தது. ரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகப் புடைத்தாள். அவள் விடியற்காலையிலிருந்து நின்ற காலிலேயே இருந்தாள். ராயம்மாள் அவள் கையிலிருந்த முறத்தைப் பிடுங்கினாள்.

“ஒக்காருடி. ஒரு சொம்புத் தண்ணி குடி. நெல்லு எங்கியும் ஓடிடாது.”

“மழ வருதுக்கா.”

“வரட்டும். நீ குடி மொதல்ல.”

ரஞ்சிதம் புளிய மரத்தடியில் உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடித்தாள். காலை நீட்டினாள். தன் நெல்லைத் தனக்காக இரண்டு பேர் புடைப்பதைப் பார்த்தாள். பிறகு அப்பாடா என்றாள்.

மேற்கிலிருந்து காற்று வந்தது. தேவசகாயம் பயந்துபோய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. காற்று மேகத்தை மயிலம் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து பதரைத் தூக்கியது. விளக்கு வைப்பதற்குள் நெல் மூட்டையில் இருந்தது. மறுநாள் காஸ்பர் விசாரணைக்கு வந்தார். அப்பாடா யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்டார். அந்த அம்மா வாயிலிருந்து என்றார் தேவசகாயம். ஞானோபதேசப் புத்தகத்தில் இதற்குக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை என்பதால் காஸ்பர் திரும்பிப் போனார்.

அதன் பிறகு செஞ்சியில் காற்று வேண்டியவர்கள் அடுத்தவர் சுமையை வாங்கத் தொடங்கினார்கள். ரங்கநாதன் போட்டோக்காரரை வரவழைத்து, பஸ் ஸ்டாண்டில் லட்சுமியம்மாளின் கத்திரிக்காய்க் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கூடை திரும்பி வருமோ வராதோ என்ற கவலையில் அந்த அம்மாள் அப்பாடா சொல்லவில்லை, காற்றும் வரவில்லை. போட்டோக்காரர் போய்விட்டார். நடு ரோட்டில் கூடையை இறக்கி வைக்க வெட்கப்பட்டு, ரங்கநாதன் அவள் வீடு வரைக்கும் சுமந்தார். வாசற்படியில் லட்சுமியம்மாள், “அப்பாடா, நல்லா இருப்பா,” என்றாள். அடித்த காற்றில் தோளில் இருந்த ஜரிகைத் துண்டு பறந்தது. அவர் அதைத் துரத்தவில்லை. வாசலில் நின்று சிரித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பாஸ்கா ஞாயிறு காலை பூசை முடிந்து தேவசகாயம் வீட்டுக்கு வந்தார். உள்ளே கறிக்குழம்பு கொதித்தது. ராயம்மாள் வெதுவெதுப்பான தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள். தபசுகாலம் முழுவதும் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அவர் ஒரே அப்பாடாவாகச் சொன்னார். களத்துமேட்டில் இருந்த பச்சைப் பலகை வேரோடு கிளம்பிக் கோட்டைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, வல்லத்தில் ரஞ்சிதத்தின் வீட்டு வாசலில் நட்டுக்கொண்டு நின்றது. ரங்கநாதன் திருப்பிக் கேட்கவில்லை. ரஞ்சிதமும் பிடுங்கவில்லை. மாலை ஐந்தரைக்கு அவள் வேலை முடிந்து வந்து அதன் அடியில் உட்காருவாள். மூத்த பெண் தண்ணீர் கொண்டுவருவாள். வல்லத்தில் காற்று ஐந்து நாற்பதுக்கு வரும். அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் குறை சொன்னதில்லை.