நாலு விநாடி வெட்டு

மூணரையின் மனைவி போன் செய்தபோது நான் தரை துடைக்கும் திரவத்துக்கான விளம்பரம் ஒன்றில் எச்சில் சத்தங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். பேசுகிறவர்கள் வாய் திறக்கும்போதெல்லாம் ‘ச்சக்’ என்று ஒரு ஒலி வரும். அதைத் தேடித் தேடி எடுப்பதுதான் என் பிழைப்பு. காதை வைத்துச் சாப்பிடுகிறவன் நான்.

“அண்ணா, உங்க பாட்டு சிடி இருக்குல்ல, அதுல அவரு குரல் வருமா? பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணுவாரே, அது போதும். பாப்பா அப்பா குரல் எப்படி இருக்கும்னு கேக்கறா. எனக்குச் செஞ்சு காட்டத் தெரியல.”

“தேடிப் பாக்கறேன்மா” என்றேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

சினிமாப் பாட்டு வாசிக்கமாட்டோம் என்று அடம்பிடித்த நான்கு பேர் நாங்கள். பாடகன், கிட்டார்காரன், பாஸ் வாசிக்கும் நான், டிரம்ஸில் மூணரை. கல்யாண வீட்டுக்கும் ஆகாது, சாவு வீட்டுக்கும் ஆகாது என்று பாடகனின் அப்பா எங்கள் ராக் இசையைப் பற்றிச் சொல்வார். மூணரைக்கு அந்தப் பெயர் வந்தது அவன் எண்ணுகிற விதத்தால். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பான். நாலு வராது. அந்த இடத்தில் “ம்” என்று ஒரு உறுமல், கூடவே குச்சி விழும். எல்லா டிரம்மரும் நாலு வரை எண்ணுவார்கள், எங்கள் ஆளுக்குப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மேடையிலேயே பாடகன் கலாய்ப்பான். மூணரை வாய் திறப்பதே அந்த எண்ணிக்கைக்கு மட்டும்தான். வீட்டிலும் அப்படித்தான் என்று அவன் மனைவி சொல்வாள். மகளை வீடியோ எடுத்தால்கூடப் பேசாமல் எடுப்பானாம். வீடியோ எடுத்த அந்த போனும் பிறகு ஆஸ்பத்திரி அலைச்சலில் தொலைந்துபோனது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு புதுப் பாட்டை சிடியாக வெளியிட்டோம். ஒரு பாட்டோடு சிடி காலியாகக் கிடக்கிறதே என்று, மேடையில் பதிவான மூன்று பாட்டுகளை இனாமாகச் சேர்க்கலாம் என்றான் பாடகன். சீர்படுத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. அந்த மேடையிலிருந்து இறங்கியதும்தான் மூணரை எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தான்: “நீ தாளத்துல பின்னால இழுக்கறடா. உனக்காக நான் எத்தன தடவ நின்னு வர்றது?” அவன் சொன்னது உண்மை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் ஒத்திகைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. தலைக்கனம் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

அந்தக் கோபத்தோடு உட்கார்ந்துதான் அவன் எண்ணுவதைக் கேட்டேன். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோலக் கரகரத்தது. பாட்டுக்கு நாலு விநாடி. மூன்றையும் வெட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அவனுக்கென்று வைத்திருந்த மைக்கின் பதிவையே முழுசாக அழித்து, அதன்மேலேயே சேமித்தேன். கணினியில் இடம் போதவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அவன் வாயை அடைத்துவிட்ட திருப்தி இருந்தது. ஆமாம், இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு மாதம் கழித்து அவன் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் அவன் பரிசோதனைக்கு அலைந்திருக்கிறான். அந்தக் கரகரப்பை இந்த உலகத்திலேயே மிகக் கவனமாக, திரும்பத் திரும்பக் கேட்டவன் நான் ஒருவன்தான். எச்சில் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற காது. டாக்டரைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஒரு வாரம் தேடுவதுபோல நடித்தேன், பிறகு நிஜமாகவே தேடினேன். அரங்கத்து ஒலிக்காரரிடம் பிரதி இல்லை. தெரிந்தவர்களின் போன்களில் இருந்த வீடியோக்கள் எல்லாம் பாட்டு தொடங்கிய பிறகே தொடங்கின. எண்ணுகிறவனை யார் படம் எடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று படியேறும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூணரை கழுத்தில் மெல்லிய துணி கட்டி, அவிழ்த்துப் போட்ட மின்விசிறி முன்னால் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், வீட்டில் சும்மா இருக்கமாட்டான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. அவன் மனைவி வீட்டில் எங்கோ கிடந்த பாட்டு சிடியைத் தேடியெடுத்து ஏற்கனவே போட்டுவிட்டிருந்தாள். குழந்தை ஒலிபெருக்கிக்கு முன்னால் சம்மணம் போட்டு, வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

முதல் மேடைப் பாட்டு நேராகக் கிட்டாரில் தொடங்கியது.

“அப்பா எங்க?”

“அடுத்ததுல இருக்கும்டா” என்றாள் அம்மா. அடுத்ததிலும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். மூணரை மகளின் சிலேட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினான்: ‘உன் பாஸ் இழுக்கலயே. சரி பண்ணிட்டியா?’

சரிசெய்திருந்தேன். அவன் குரலை வெட்டிய அதே நாளில், என் பிசகுகளை ஒவ்வொன்றாக இடம் நகர்த்தி நேராக்கியிருந்தேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சிடி வந்த அன்றே கேட்டிருப்பான்; மூன்று வருடமாகத் தெரிந்திருக்கிறது.

“டேய், அந்த எண்ணிக்கைய நான்தான்...” என்று ஆரம்பித்தேன். அவன் உள்ளங்கையால் சிலேட்டை அழித்தான். விடு என்று தலையை ஆட்டினான். விட்டால் போய்விடுமா? அவன் திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாவது பாட்டும் முடிந்தது. கைதட்டலுக்கு நடுவில் ஒரு கனத்த ஆண் குரல் கத்தியது: “இன்னொண்ணு!”

குழந்தை துள்ளி எழுந்தது. “இதுதானே அப்பா?”

அது கூட்டத்தில் இருந்த யாரோ ஒரு ஆள். யாரென்று இன்றுவரை தெரியாது. பாதி அரங்கம் காலி என்பது தெரிந்துவிடக் கூடாதென்று அந்த ஆளின் சத்தத்தை நான்தான் தூக்கி வைத்திருந்தேன்.

மூணரை மகளைப் பார்த்து ஆமாம் என்று மெதுவாகத் தலையசைத்தான். அவளுக்கு அது போதவில்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, நீங்கதானே இத செஞ்சீங்க? அப்பாதானே?”

அவன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவன் குரல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“ஆமாடா செல்லம்” என்றேன். “அப்பாதான்.”

குழந்தை ஓடிப்போய் அந்த இடத்தைத் திரும்ப வைத்தது. இன்னொண்ணு. மறுபடி வைத்தது. தானும் குரலைத் தடிமனாக்கிக் கத்திப் பார்த்தது. பிறகு அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அம்மாவைப் போடச் சொன்னது. கைதட்டல் எழுந்தது. மூணரை காதைச் சாய்த்துக் காத்திருந்தான். அந்த ஆள் கத்திய அதே நொடியில், ஒரு மயிரிழைகூடப் பிசகாமல், வாயை அகலத் திறந்தான்.