ஒரு வரிக்கு நாற்பது எழுத்து

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. பல வருடம் மனதில் ஊறிய கதை என்று சொல்லியிருக்கலாம். எழுதுகிறவர்கள் கூச்சமில்லாமல் அப்படிச் சொல்வோம். உண்மை அதுவல்ல. பாலாவிச் சந்தியில் சிலாபம் பஸ், ஆள் நிரம்பாமல் நகரமாட்டேன் என்று நின்றது. நான் கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவில் வைத்திருப்பவன் நான். ஒரு வரிக்கு இரண்டு சொல் கொள்ளும். பக்கத்தில் இருந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் கண்ணோ?" என்றார். இன்னொருவனுடைய கைபேசியை எட்டிப் பார்த்ததற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு அக்கறையாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன். முந்தலில் அவர் இறங்கும்வரை கதைத்துக்கொண்டே போனோம். இனி வருவதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் பிறகு விசாரித்தது, மீதி என் கைச்சரக்கு. (கூட்டல் இடிக்கிறதா? இடிக்கட்டும்.) பெயர்கள் எல்லாம் மாற்றியவை. அவருக்கு நிக்கொலஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

உம்மு குல்சூம் சன்னலோரம் அமர்ந்து, களப்பின்மேல் சாயும் வெயிலை

இல்லை. அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. அது முந்தல் பக்கத்து இறால் பண்ணை ஒன்றின் பம்பு அறை. ஒரு மேசை, ஒரு கதிரை, பழைய கணினி ஒன்று, சுவர் முழுக்க உப்புப் பூத்த கறை. வெயில் சாய்வதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இரண்டாம் முயற்சி:

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் பலவகைப்படும். அவற்றுள்

வேண்டாம். நீங்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள்.

மூன்றாவது: உம்மு குல்சூம் பொய் சொல்லத் தொடங்கி எட்டு மாதமாகியிருந்தது.

இது இருக்கட்டும்.

3

உம்மு குல்சூம் பொய் சொல்லத் தொடங்கி எட்டு மாதமாகியிருந்தது. பெரிய பொய் ஒன்றுமில்லை. கண்ணாடியை வீட்டில் விட்டு வந்துவிட்டேன், இந்த லைட் சரியில்லை, தலையிடி. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து கரைத்தீவில் குடியேறிய வீட்டுப் பெண் அவள். நாற்பத்தைந்து வயதில், பிள்ளைகளோடு பிள்ளையாக வகுப்பு வாங்கில் இருந்து கணினி படித்து இந்த வேலையை வாங்கியவள். வேலை இதுதான்: எட்டுக் குளங்களிலும் மிதக்கும் கருவிகள் அனுப்பும் இலக்கங்கள் பம்பு அறைத் திரையில் வரி வரியாக வரும். குளத்தின் எண், நேரம், தண்ணீரின் சூடு, உப்பு, கடைசியாக ஒட்சிசன். ஒட்சிசன் மூன்றுக்குக் கீழே இறங்கினால், குளத்தோரம் நிற்கும் யூட்டுக்குப் போன் போட்டு, அந்தக் குளத்துத் தண்ணீரைக் கிளறும் சக்கரத்தை ஓடவிடச் சொல்ல வேண்டும். பிந்தினால் இறால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதாவது, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. பார்ப்பதுதான் அவளுக்கு முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கண்ணுக்குள் இறங்கிவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார் டொக்டர். பண்ணை முதலாளி பதுர்தீன் ஹாஜியாரின் சட்டமோ எல்லாருக்கும் தெரிந்தது: கண் மங்கிய ஆளுக்குப் பண்ணையில் வேலை இல்லை. அவர் கல்நெஞ்சர் அல்ல. முந்திய வருடம் பார்வை குறைந்த ஒருவர் கால் தவறிக் குளத்தில் விழுந்து, சக்கரத்தில் அடிபட்டு, மயிரிழையில் தப்பினார். மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து பார்த்தவர் ஹாஜியார். அந்தப் பயத்தில் பிறந்த சட்டம் அது. அதனால்தான் அதை எதிர்த்து வாய் திறக்க யாருக்கும் முடியவில்லை.

குல்சூம் ஒரு வழி கண்டுபிடித்தாள். திரையைக் கைபேசியால் படம் பிடித்து, படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கி, இலக்கத்தைப் படிப்பாள். அரை மணிக்கு ஒரு படம். வீட்டில் சும்மா குந்தியிருக்கும் நாள் வந்துவிடக்கூடாது என்பதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் படம் பிடிக்க அவள் தயார்.

அதை நிக்கொலஸ் பார்த்துவிட்டார்.

4

நிக்கொலஸை நான் முழுதாக நம்பவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் அவர் சொன்ன கதையில் அவர் அநியாயத்துக்கு நல்லவர். பண்ணையின் பம்பு மெக்கானிக், லொறிச் சாரதி, கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக்காரர். அதோடு, பிறருக்கு உதவி. இப்படி ஒருவர் கதைக்குள் வந்தால் வாசகர் கொட்டாவி விடுவார். ஆகவே விசாரித்தேன். நல்லவேளை, குறை கிடைத்தது: மனிதருக்குக் கொஞ்சம் பெருமை அதிகம்.

அந்தப் பழைய கணினியில் புதிய மென்பொருள் எதுவும் ஓடாது. நிக்கொலஸ் அதில் வேறொரு இயங்குதளத்தை ஏற்றிவைத்தார். உலகத்தில் எங்கெங்கோ உள்ள ஒரு சிலர், சம்பளமில்லாமல், ஆசைக்காகச் செய்துவருவது. படமில்லை, சன்னலில்லை, கறுப்புத் திரை, அதில் எழுத்து, அவ்வளவுதான். ஏற்றும்போது ஹாஜியார் மத்தியானத்தில் விளையாடும் சீட்டாட்டம் அழிந்துபோனது. அதற்கு நிக்கொலஸ் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தன் இயங்குதளத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. ஆக, குல்சூமுக்கு உதவப் போனதில் பாதி அன்பு, பாதி வித்தை காட்டும் ஆசை. இப்போது இவரை எனக்குப் பிடிக்கிறது.

5

ஒரு புதன்கிழமை காலை அவர் பம்பு அறைக்குள் வந்து, தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, இந்த எழுத்து வரவர எனக்குத் தெரியுதில்ல. உப்புக்காத்துப் பட்டுத் திரை பழுதாகிட்டுது போல. கொஞ்சம் பெருசாக்கட்டே?"

குல்சூமுக்கு விளங்கிவிட்டது. அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கும் கண் என்பது பண்ணை முழுக்கத் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியல்லயெண்டா செய்ங்க அண்ணன். எனக்கென்ன."

அவர் தட்டினார். திரை சட்டென்று இருண்டது. குல்சூம் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணம் எழுத்துகள் இரட்டிப்பாக எழுந்து வந்தன. வரிக்கு எண்பது எழுத்து நின்ற இடத்தில் இப்போது நாற்பது. நிறத்தையும் மாற்றிப் பார்த்தார். நீலத்தில் வெள்ளை.

"இது எப்பிடி?"

"கலியாண வீட்டு லைட்டு மாதிரி இரிக்கி."

கறுப்பில் மஞ்சள்.

"இது நல்லம்" என்றவள், அவசரமாக, "ஒங்களுக்குத்தான் சொல்றன்" என்றாள்.

"ஓம், எனக்குத்தான்" என்றார் நிக்கொலஸ். பிறகு சோதித்துப் பார்க்க அவளுடைய பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினார். (அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. தட்டினால் கேள்விக்குறியாகக் கொட்டும்.) கதிரையில் சாய்ந்தபடியே, படம் பிடிக்காமல், குல்சூம் தன் பெயரைப் படித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்தது; சந்தோஷத்தில்தான்.

அன்று பின்னேரம் மின்வெட்டு வந்துபோனதும் எழுத்து பழையபடி எறும்பானது. டீசலுக்கு வரிசை நின்ற வருடம் அது. கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். நிக்கொலஸ் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். காலையில் கணினிக்குத் தட்டிச் சொன்னதோடு விட்டிருந்தார். கணினி எழும்பும்போது படிக்கும் கோப்பில் எழுதிவைக்கவில்லை. எழுதினார். அதன்பிறகு எத்தனை தடவை கரண்ட் போய் வந்தாலும் எழுத்து பெரிதாகவே எழும்பியது.

6

(இங்கே கதையை நிறுத்தி, பிழை எங்கே நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மர்மம் வைக்க எனக்கு விருப்பமில்லை.

குளங்களின் அட்டவணையில் ஒரு வரி அறுபது எழுத்து நீளம். நாற்பது எழுத்துத் திரையில் அது மடிந்து, கடைசி இலக்கம், அதாவது ஒட்சிசன், அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் விழும். நாலாம் குளத்தின் ஒட்சிசன் ஐந்தாம் குளத்தின் தலைக்குமேல் நிற்கும். "ஒரு வரி படியுங்கோ தங்கச்சி" என்று நிக்கொலஸ் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். அவர் கேட்கவில்லை. படிக்கச் சொல்வது கண்ணைச் சோதிப்பது போலாகிவிடும் என்று கூசினார். அவளும் "இலக்கம் கொஞ்சம் குழம்பி இரிக்கி" என்று சொல்லவில்லை. சொன்னால் தனக்குத்தான் இந்த எழுத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று இருவரும் பார்த்துப் பார்த்து நடந்ததில், அட்டவணையை யாரும் பார்க்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் நல்ல வெயில். எல்லாக் குளத்திலும் ஒட்சிசன் ஆறு. எது எதனுடையது என்று தெரியாததால் ஒரு குறையும் வரவில்லை.)

7

சனிக்கிழமை காலையிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் இருந்த டீசலுக்குக் கணினியோடு ஒரேயொரு சக்கரம்தான் ஓடும். திரையில் ஒன்று தசம் ஒன்பது என்று ஓர் இலக்கம் வந்தது. மஞ்சளாக, பெரிதாக, ஐந்தாம் குளத்தின் தலைக்குமேல். குல்சூம் சந்தேகமே படவில்லை.

"யூட், அஞ்சுக்குப் போடுங்க! கெதியா!"

போனை வைத்த பிறகும் மனம் ஆறவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தாள். வெளியே எல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். ஆனால் வெள்ளை தெரியும். வெள்ளையாக ஒன்று இறங்கியது, பிறகு மூன்று, பிறகு ஒரு கூட்டம். கொக்குகள். மூச்சுமுட்டும் இறால் மேலே வந்தால்தான் கொக்கு இறங்கும். அவை இறங்கியது ஐந்தில் அல்ல.

"நாலு!" என்று கத்திக்கொண்டே வரம்பில் ஓடினாள். அந்த வரம்பில் ஓடக்கூடாத கண்ணோடு ஓடினாள். "யூட், நாலு! நாலுக்கு மாத்துங்க!"

யூட் மாற்றினார். குளம் தப்பியது. மூன்று கூடை இறால் தப்பவில்லை.

மத்தியானம் ஹாஜியார் வந்தார். கூடைகளைப் பார்த்தார். பம்பு அறைக்குள் நுழைந்து திரையைப் பார்த்தார்.

"ஆரு இந்த எழுத்த ஆனையாட்டம் ஆக்கினது?"

"நான்தான் ஹாஜியார்" என்றார் நிக்கொலஸ்.

"ஏன்?"

8

இந்த "ஏன்?" என்ற கேள்விக்கு முன்னால் நான் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்று பதில் எழுதினேன்.

ஒன்று: "என்ட கண்ணுக்கு" என்கிறார் நிக்கொலஸ். ஹாஜியார் கையை நீட்டுகிறார். நிக்கொலஸ் லொறிச் சாவியை அதில் வைக்கிறார். (உருக்கமானது. ஆனால் அந்த லொறியை அவர் எவ்வளவு நேசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். சாவியைப் பறிக்க மனம் வரவில்லை.)

இரண்டு: அவர் வாய் திறக்குமுன் குல்சூம் சொல்கிறாள்: "எனக்குத்தான் ஹாஜியார். எனக்குப் பார்வ இல்ல." (நேர்மையானது. அடுத்த திங்கட்கிழமை அவள் வீட்டில் குந்தியிருக்கிறாள். எழுதியதைக் கிழித்தேன்.)

மூன்று: ஹாஜியார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "எனக்கும் இப்பதான் வடிவாத் தெரியுது" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். (சீனி வருத்தக்காரியின் கதையில் இவ்வளவு சீனி ஆகாது. வெட்டினேன்.)

கடைசியில் கரைத்தீவுக்குப் போய், எழுதியதைக் குல்சூமுக்கு வாசித்துக் காட்டினேன். நிக்கொலஸின் பெருமை வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "மெய்யா அண்டைக்கு ஹாஜியார்ட்ட என்ன சொன்ன எண்டு தெரியுமா?" என்று தொடங்கி, சொன்னாள். என் மூன்றையும்விட நல்ல பதில். அதை ஹாஜியார் நம்பினார். இருவரும் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.

"இத எழுதட்டா ராத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் எழுதுங்க. எத்தின பண்ண இரிக்கி, எத்தின ஹாஜியார் இரிக்கி. அந்தப் பதில மட்டும் எழுத வாணாம். எழுதினா அது பொய்யெண்டு அவருக்கு வெளங்கிரும். ஞாயித்துக்கிழம பேப்பர்ல ஒரு எழுத்து விடமாட்டாரு மனிசன்."

ஆகவே எழுதவில்லை.

9

நான் பதுர்தீன் என்று பெயர் வைத்த ஹாஜியாரே, முந்தலிலோ வேறெங்கோ இருக்கும் முதலாளியே, உங்களுக்குத்தான் இது.

அட்டவணையைத் திருத்திவிட்டார்கள். சூட்டையும் உப்பையும் அடுத்த பக்கத்துக்கு மாற்றியதில், ஒரு குளத்தின் கணக்கு நாற்பது எழுத்துக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் பண்ணையில் ஒரு குளமும் மூச்சுமுட்டவில்லை. இது உங்களுக்கே தெரியும்.

உங்கள் பண்ணையாட்கள் இருவரில் ஒருவருக்குக் கண் மங்கல். குல்சூம் என்று நான் எழுதினேன். பெயரை மாற்றியவன் கண்ணையும் மாற்றியிருப்பேன், என்னை நம்பவேண்டாம். ஆனால் யாரென்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். இந்தப் பத்திரிகையை அப்படியே கொண்டுபோய், பம்பு அறை மேசையில் விரித்து, "இத ஒருக்கா வாசி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னால் முடிந்தது.

நாளைக்குத் திங்கட்கிழமை. அவர்கள் இருவரும் எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவார்கள். பத்திரிகையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதா, கையில் எடுத்துக்கொண்டு போவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.