அழுகாச்சிக் கூட்டம்

...எல்லாம் சரிதான் சார் என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்களே, அதுதான் மேலாளருக்கு உறுத்தியது, ஒருத்தராவது ஏதாவது ஒரு நொட்டை சொல்லியிருக்கலாம், பம்ப் குழாய் தேய்ந்திருக்கிறது, குடிக்கத் தண்ணீர் வரவில்லை, கையுறை கிழிந்துவிட்டது, ஏதாவது... காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து வழக்கம்போலத்தான் கேட்டார், இன்னிக்கு உங்க பயம் என்ன, சொல்லுங்க, என்று. சாரம் கட்டுகிற மேஸ்திரி ஹெல்மெட் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டே எல்லாம் சரிதான் சார் என்றார். பாதுகாப்பு அலுவலர், எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் ஊருக்கெல்லாம் விசிலக்கா, சாதாரண நாளில் ஒரு ஆணி கீழே கிடந்தால் உலகத்தைக் கூட்டுகிற அந்த அம்மாளும் தரையைப் பார்த்தபடி எல்லாம் சரிதான் சார். கடைசியாக மட்டம் பார்க்கிற மச்சான், மேலாளருடைய மனைவியின் சொந்தத் தம்பி, அவனும் அதையேதான் சொன்னான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றுகிற நாள், சாலைக்கு மேலே அத்தனை கனமும் ஈரமாக, இறுகாமல், வெறும் இரும்பு முட்டுகளின் தலையில் நிற்கப்போகிற நாள், இன்றைக்குப் போய் யாருக்கும் ஒரு பயமும் இல்லையாம். பயமே இல்லாத மனிதர்களா இவர்கள், இல்லை, என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்ட மனிதர்களா? அவருக்குப் பயமாக இருந்தது. இரும்புப் படிகளில் ஏறத் தொடங்கினார்.

இந்தக் கூட்டமே அவர் கொண்டுவந்ததுதான். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, திரையில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் பார்த்து, சிவப்பு வந்தவனை எல்லாருமாகச் சேர்ந்து வறுத்தெடுப்பதுதான் வேலை முறை, அதனால் யாருக்கும் சிவப்பே வராது, பாலம் மட்டும் வளராது. அவர்தான் போராடி மாற்றினார், காலையில் தளத்திலேயே நின்றபடி கூட்டம், ஆளுக்கு ஒரு பயம் சொல்ல வேண்டும், சொன்னவரைத் திட்டக் கூடாது, நன்றி சொல்ல வேண்டும், சொன்ன பயம் தீர்ந்த பிறகுதான் அடுத்த வேலை. ஆட்கள் அதற்கு அழுகாச்சிக் கூட்டம் என்று பேர் வைத்தார்கள், வைத்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் சிரித்துக்கொண்டார், ஏனென்றால் அழ அழத்தான் வேலை நடந்தது. மேஸ்திரி ஒருநாள் அழுததால் தூக்கு இயந்திரத்தின் கம்பி அறுவதற்கு முன்பே மாறியது, விசிலக்கா அழுததால் ஒரு பள்ளத்தின் கரை சரிவதற்கு முன்பே தடுப்பு வந்தது, பிந்திக் கிடந்த வேலை மெல்ல மெல்லக் காலத்தைப் பிடித்தது. தலைமை அலுவலகத்துப் பெரியவர்கூட வந்து பார்த்து முதுகில் தட்டினார், இதையே மற்ற இடத்துக்கும் கொண்டு போகலாம்ப்பா என்றார். அந்தத் தட்டலில்தான் கொஞ்சம் தலை கனத்துவிட்டதோ... ஆமாம், கனத்துத்தான் விட்டது, இல்லாவிட்டால் போன வாரம் அப்படிப் பேசியிருப்பேனா?

பேசியதை நினைத்தாலே படியில் கால் நிற்கிறது. திறப்பு நாளை முன்னால் இழுத்துவிட்டார்கள் என்று பெரியவர் தொலைபேசியில் சொல்லி முடித்த கையோடு இவர் கூட்டத்துக்கு வந்திருந்தார், காது இன்னும் சூடாக இருந்தது, அப்போதா மச்சான் வாயைத் திறக்க வேண்டும். மாமா, அந்த மூணாவது வரிசை முட்டு லேசா இறங்கின மாதிரி தெரியுது, அடியில பழைய குழாய்ப் பள்ளம் மூடின இடம் இல்லையா, ஒருதரம் பிரிச்சுப் பாத்துட்டா நல்லது, என்றான். வேலை இடத்தில் சார் என்று கூப்பிடச் சொன்னால் பழக்க தோஷத்தில் மாமா வந்துவிடும், எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள், அன்றைக்கும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சொந்தக்காரனுக்கு இளக்காரம் கொடுக்கிறார் என்று ஒருவன் நினைத்துவிடக் கூடாதே... மாதிரின்னா என்ன, அளவு சொல்லு, மாதிரி தெரியுதுன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம், அக்கா வீட்டுக்காரர்ங்கிற நினைப்புல இங்க வந்து நிக்காத! அவ்வளவு பேர் முன்னால். அவன் முகம் கறுத்துப் போயிற்று. பிறகு மேஸ்திரியிடம் கேட்டதற்கு, ஆப்பு அடிச்சு இறுக்கியாச்சு சார் என்றார், சரி என்று அவரும் விட்டுவிட்டார், பிரித்துப் பார்த்தால் சாலை மூடுகிற அனுமதி கைநழுவும், அடுத்த அனுமதி எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாளிலிருந்து மச்சான் வாயில் மாமா வரவே இல்லை. சார், சார், சார்தான். திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டாரே, அந்த மண்டையை எதில் கொண்டுபோய் முட்டுவது!

மேலே கம்பி வலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது, ஆட்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி, பம்ப் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு, அவர் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எப்போது நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள், முன்பெல்லாம் அவரைப் பார்த்தால்தானே பேச்சு கூடும்? கீழே வரிசையாகக் கலவை லாரிகள், வயிறு சுற்றச் சுற்ற நிற்கின்றன, அதை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்கவும் முடியாது, உள்ளேயே இறுகிவிடும். சட்டைப் பையில் தொலைபேசி துடித்தது. பெரியவர். என்னப்பா, ஆரம்பிச்சாச்சா? ஆரம்பிக்கப் போறோம் சார், என்றார் மேலாளர், பிரச்சனை ஒண்ணும் இல்லையே, என்று அவர் கேட்க, இல்ல சார், எல்லாம் சரியா இருக்கு. சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. இவ்வளவு வழவழப்பாக எனக்குப் பேச வருமா? காலையில் வட்டத்தில் கேட்ட குரல் இதுதானே, மேஸ்திரியுடையதும் விசிலக்காவுடையதும்... ஒரே எண்ணெயில் பொரித்தெடுத்த மாதிரி. அவரிடம் நான் ஏன் சொல்லவில்லை, சொன்னால் கத்துவார், கத்தினால் என்ன, தின்றுவிடுவாரா, இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. அப்படியானால் இவர்களுக்கு நான்தான் பெரியவர்.

சும்மா கலவரப்படுகிறாய், என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார், நேற்று ராத்திரி தூக்கம் இல்லை, அதனால் வருகிற நடுக்கம். பெரிய கட்டிலில் தனியாகப் புரண்டுகொண்டிருந்தால் தூக்கம் எப்படி வரும், உங்க குறட்டை தாங்கல, பாப்பா ரூம்ல படுத்துக்கறேன் என்று மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து வீடே கொஞ்சம் விசாலமாகத்தான் இருக்கிறது. காலையில் காப்பியைக் கையில் கொடுத்தபோது, உடம்பு கிடம்பு சரியில்லையா, முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு, என்று இவர் கேட்டதற்கு, நல்லாதானே இருக்கேன், நீங்க கிளம்புங்க என்றாள். நல்லாத்தான் இருப்பாள். வீட்டைப் பற்றி இப்போது என்ன, மூன்றாவது வரிசையை நினை, கீழே போ, ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடு, பார்த்தால் என்ன குறைந்துவிடும்... இறங்கினார்.

சாரத்துக்குள் நிழலும் இரும்பு வாடையும். முட்டுகள் காடு மாதிரி நிற்கின்றன, மூன்றாவது வரிசையில் குனிந்து பார்த்தார், ஆப்புகள் அடித்த தழும்போடு இறுக்கமாகத்தான் இருந்தன, தரை காய்ந்துதான் இருந்தது, கையால் ஒரு முட்டைத் தட்டினார், அது என்ன சொல்லப்போகிறது. மேலே ஆட்களின் காலடிச் சத்தம் தலைக்கு நேர் மேலே கேட்டது. இது இறங்கினால் எல்லாம் இங்கேதான் வரும், கம்பியும் கலவையும் ஆளும், இந்த இடத்தில்தான், நான் குனிந்திருக்கிற இந்த இடத்தில்... சட்டென்று ஒன்று உறைத்தது. இந்த இடத்தில் மச்சான் அல்லவா நிற்க வேண்டும்? ஒவ்வொரு தளம் ஊற்றும்போதும் அவன் மட்டக் கருவி பொருத்திய முக்காலியை முட்டுகளுக்கு நடுவில்தான் போடுவான், வேண்டாமென்று விசிலக்கா விசிலடித்தே ஓய்ந்துபோனாள், நான் போட்ட கணக்கு மேல நம்பிக்கை இல்லன்னா நானே நிக்க மாட்டேனே அக்கா என்று சிரிப்பான், பக்கத்தில் நின்றால்தான் மயிரிழை அசைந்தாலும் தெரியும் என்பான். எங்கே அவன்? வெளியே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூடிக் கிடந்த சாலையைத் தாண்டி, எதிர் நடைபாதையில், பூட்டிய கடை ஒன்றின் கூரைக்குக் கீழே முக்காலி நின்றது, பின்னால் மச்சான்.

சாலையைக் கடந்தார். ஓடக் கூடாது, ஓடினால் மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள். ஏன் இங்க போட்டிருக்க, என்று கேட்டபோது மூச்சு வாங்கியது. தள்ளி நின்னாதான் முட்டுல போட்ட எல்லாக் குறியும் ஒரே பார்வையில தெரியும் சார், என்றான், கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நியாயமான பதில்தான், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும். மூணாவது வரிசை? அளவு வரம்புக்குள்ளதான் சார் இருக்கு. உனக்கு என்ன தோணுது? தோணுறத எல்லாம் சொல்லக் கூடாதுன்னீங்களே சார், என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், அவன் அப்படியும் சொல்லவில்லை, எல்லாம் சரிதான் சார் என்றான். வாய் சரி என்கிறது, கால் இங்கே வந்து நிற்கிறது. வாயை நம்புவதா, காலை நம்புவதா? ஒருவேளை என் மேல் உள்ள கோபத்தில் இதைச் செய்கிறானோ, பயமுறுத்திப் பார்க்கிறானோ, அப்படியும் இருக்கலாம், உண்மையிலேயே எல்லாக் குறியும் தெரிவதற்காகவும் இருக்கலாம், ஒன்றும் பிடிபடவில்லை, கையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது, மேஸ்திரியின் குரல், சார், பம்ப் போடலாமா, லாரிக்காரங்க சத்தம் போடறாங்க.

போடு என்று ஒரு வார்த்தை போதும், நாக்கு நுனியில் இருக்கிறது, திறப்பு நாள், பெரியவர், முதுகில் தட்டிய கை, சாலை அனுமதி, இத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. பொத்தானை அழுத்தினார். யாரும் ஊத்த வேணாம், மேல இருக்கறவங்க எல்லாரும் இறங்கி வாங்க. ஏன் சார், என்ன ஆச்சு? என்ன ஆயிற்று என்று சொல்வது, கையில் அளவு இல்லை, ஆதாரம் இல்லை, ஒரு முக்காலி சாலையைத் தாண்டி நிற்கிறது என்றா சொல்வது, பெரியவர் கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேனா? சரியில்லாத மாதிரி தெரியுது மேஸ்திரி, என்றார், மாதிரி என்ற சொல் வாயில் வரும்போதே நாக்கு சுட்டது, பக்கத்தில் நின்றவனைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. எனக்குப் பயமா இருக்கு.

மேஸ்திரியின் குரல் வந்தது, வேறு யாருடைய குரலோ என்று நினைக்கும்படி மெதுவாக. எனக்கும்தான் சார். அந்த ஆப்பு நேத்து சாயங்காலம் இறுக்கினோம், காலையில வந்து பாத்தா தளந்து கெடக்கு, திரும்ப அடிச்சு வெச்சிருக்கோம். அது முடிவதற்குள் வாக்கி டாக்கியிலேயே விசிலக்கா குறுக்கே வந்தாள். நேத்துலேருந்து என் ஆளுங்க ஒருத்தரையும் அந்த வரிசைக்குக் கீழ விடல சார், சொல்லணும்னுதான் நெனச்சேன்... அவ்வளவுதான், சொல்லணும்னுதான் நெனச்சேன். மேலாளர் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இரும்புப் படிகளில் ஆட்கள் இறங்குகிற சத்தம் தடதடவென்று கேட்டது, ஒருவர் பின் ஒருவராக, கால் தரையில் பட்டதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சட்டைப் பைக்குள் தொலைபேசி மறுபடி துடித்தது, துடிக்கட்டும். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாரும் தள்ளி நின்றிருக்கிறார்கள், நான் ஒருத்தன்தான் நடுவில் நின்று எல்லாம் சரி, எல்லாம் சரி என்று...

மச்சான் குனிந்து முக்காலியின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு காலாக, அவசரமில்லாமல். அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தலையணை ஞாபகத்துக்கு வந்தது, அதன் பூப்போட்ட உறை, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கதவைத் தாண்டிப் போனது. குறட்டைதானே? கல்யாணமான நாள் முதலாக விடுகிற குறட்டை இந்த மாதம்தானா தாங்காமல் போயிற்று? காலையில் காப்பியைக் கொடுத்த கை ஏன் அப்படி மெலிந்திருந்தது, சாப்பாட்டு மேசையில் கொஞ்ச நாளாக அவள் எதையுமே சொல்லிப் புலம்பவில்லையே, நான் என்ன நினைத்தேன், வீட்டில் பிரச்சனை இல்லை என்றுதானே நினைத்தேன்? எப்போது என்ன பேசினேன் அவளை, எவ்வளவு பேர் முன்னால்? நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. இதோ, அவள் கூடப் பிறந்தவன் இங்கே நிற்கிறான், அவனுக்குத் தெரிந்திருக்கும், அக்காவும் தம்பியும் தினம் பேசிக்கொள்கிறவர்கள்.

"டேய்," என்றார். "அக்கா உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

மச்சான் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, போன வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போலத்தான் இருந்தது.

"அக்காவா? எல்லாம் சரிதான் சார்," என்றான்.